அகல வாசல்

குன்னத்தில் செங்கமலத்தின் வீட்டைச் சுற்றிப் பார்த்த பெரம்பலூர் கொத்தனார் முத்துவேல், தளம் ஒழுகும் இடங்களைக் காட்டினார்.

“மொதல்ல தளத்தைச் சரி பண்ணுங்கக்கா. மீதிக் காசுல டைல்ஸ் போட்டா வூடு பளிச்சுன்னு ஆயிடும்.”

“தளம் கெடக்கட்டும்ப்பா. இந்த வாசக்கால எடுத்துட்டு வழிய அகலமாக்கிக் குடு.”

“கதவு நல்லாத்தானே இருக்கு? சவூதியிலேர்ந்து உங்க மவன் அனுப்புன காச இதுல கொட்டறது வீண்.”

“அவன் அனுப்பலப்பா. கம்பெனிக்காரங்க குடுத்தது.”

“தம்பி லீவுல வரப்போ ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?”

“வந்துட்டுப் போயிட்டான்.” செங்கமலம் வாசக்காலைப் பிடித்துக்கொண்டாள். “பொட்டியில வந்தான். எவ்வளவோ சாய்ச்சுப் பாத்தாங்க, இந்த வழியில நுழையல. அத்தன வருசம் கழிச்சு வந்த புள்ள, வூட்டுக்குள்ள வர முடியாம மழையில தெருவுலயே கெடந்தான்.”

முத்துவேல் வாசக்காலின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

“இப்ப இடிச்சு என்னக்கா ஆவப் போவுது?” என்றார் மெல்ல.

“ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கும் தெரியும்ப்பா. ஆனா தெனம் இந்த வழியா உள்ள போவ என்னால முடியல. இடிச்சுடு.”