அழித்த பிறகு ஓடிய தூரம்

தன் ஷெட்டில், ஒரு பக்கம் நசுங்கிய காருக்குள் உட்கார்ந்து, வண்டியின் கோளாறைப் படிக்க இரவல் வாங்கி வந்த ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார் மெக்கானிக்.

வெளியே மருமகன் நின்றிருந்தான். அன்று ஓட்டியவன் அவன்தான். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான் சேதம்.

லாரி வந்து இடித்தது அவர் மகள் உட்கார்ந்திருந்த பக்கம். இடுப்பெலும்பும் ஒரு காலும் முறிந்து ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

“திரும்பும்போது வண்டி தானா ஆஃப் ஆயிடுச்சு மாமா” என்றான் முதல் நாள்.

ஸ்கேனர் வைத்துப் பார்த்துவிடலாம் என்று இவர் சொன்னதிலிருந்து பேச்சு மாறிவிட்டது. “எதுக்கு மாமா, என் தப்புதான். விடுங்க.”

அங்கேதான் இடித்தது. செய்யாத தப்பை எவன் ஒப்புக்கொள்வான்? பெரிய தப்பை மறைக்கிறவன்தான். குடித்திருப்பான். இல்லை, கண்மண் தெரியாமல் விரட்டியிருப்பான். அது மட்டும் உறுதியாகட்டும், மகளை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். திருப்பி அனுப்புகிற பேச்சே கிடையாது.

நாற்பது வருடம் பழைய வண்டிகளின் கார்புரேட்டரோடு குடித்தனம் நடத்தியவர் அவர். அதற்கு ஒளிக்கத் தெரியாது. பெட்ரோல் கூடினால் கறுப்பாகப் புகைக்கும், காற்று கூடினால் இருமும். பிளக்கைக் கழற்றினால் வண்டியின் வண்டவாளம் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டி அப்படியில்லை. எவ்வளவு பெட்ரோல் என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்கிறது. கோளாறு வந்தால் தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்து வேகம்கூட அதற்குள் இருக்குமாம். கேட்கத் தெரிந்தவனிடம் மட்டும் வாய் திறக்கும்.

கல்லுளிமங்கன். மாப்பிள்ளையும் அதே ரகம்.

திரை ஒளிர்ந்தது. ‘கோளாறு பதிவு இல்லை.’

அடுத்த வரியில் அவர் கண் நின்றது. ‘பதிவை அழித்த பிறகு ஓடிய தூரம்: 0 கி.மீ.’

விபத்து நடந்த இடத்திலிருந்து கட்டி இழுத்து வந்த கார். அதற்குப் பிறகு இன்ஜினே ஓடவில்லை. அப்படியென்றால் இந்த ஷெட்டில் வைத்துத்தான் அழித்திருக்கிறார்கள். கார் சாவி ஒருவனிடம்தான் இருந்தது.

“என்னத்தடா அழிச்ச?”

கல்யாணமான நாளிலிருந்து ‘மாப்பிள்ளை’ இல்லாமல் அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

மருமகன் கைப்பேசியை எடுத்து, இரண்டு படங்களைக் காட்டினான்.

ஒன்று, அவன் தனியாக வாங்கி வந்து செருகிய ஸ்கேனரின் திரை, அழிப்பதற்கு முன் எடுத்தது. ‘ஐட்லிங் வேகம் மிகக் குறைவு.’ ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் அணைந்துவிடும் அளவுக்குக் குறைவு. வண்டியின் வேகம்: மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்.

மற்றது, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் ஒரு பொடி ஸ்குரூ. யாரும் திருகக்கூடாது என்று கம்பெனியில் பூசி அனுப்பிய வெள்ளைப் பெயின்ட் உடைந்திருந்தது. தலையில் புதுக்கீறல்.

சும்மா நிற்கும்போதுகூட இன்ஜின் இரைகிறது என்று விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மகள்தான் காரைக் கொண்டுவந்தாள். கார்புரேட்டருக்குச் செய்கிற மாதிரியே, காது சொன்னபடி, அவர் அந்த ஸ்குரூவை அரைச் சுற்று குறைத்தார். “இப்ப சத்தமே இல்லப்பா” என்று சிரித்துக்கொண்டு போனாள்.

மருமகன் மெதுவாகக் கேட்டான்.

“இந்தப் போட்டோவையும் அழிச்சிடவா மாமா?”