சேர்ந்து கழித்த ஆண்டு

"அண்ணா, மறைக்காம சொல்லுங்க. எங்கப்பா இங்க வந்தாரா, இல்லியா?"

வெள்ளிமலை பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்தில், இடுப்பில் குழந்தையோடு கடைக்குள் நுழைந்தாள் நிர்மலா. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் சிவசங்கர், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"வந்தாரு. மொதல்ல உக்காரும்மா. கொயந்தைக்குத் தண்ணி குடுக்கவா?"

"தண்ணி கெடக்கட்டும். பிரிச்சிட்டீங்களா?"

"எதை?"

"எங்க ரெண்டு பேரு ஐடியை!"

விஷயம் இதுதான். நிர்மலா காலேஜில் சேர்ந்தபோது, அவள் அப்பா ஆதிமூலம் மகளுக்கும் தனக்குமாக இந்தக் கடையில்தான் இரண்டு போன் வாங்கினார். ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு போடுகிற மனுஷனுக்கு மெயில் ஐடிக்கு எங்கே போவது? தீபாவளிக் கூட்டம் வேறு. சிவசங்கர் மகளுடைய ஐடியையே அப்பா போனிலும் போட்டு அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து ஒரு போனில் எடுக்கும் போட்டோ இன்னொன்றிலும் தானாக வந்து விழும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வீடு, வந்தால்தான் என்ன?

பிறகு நிர்மலா மலைக்காரப் பையன் தமிழரசனைக் கட்டிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனாள். "எனக்குப் பொண்ணே பொறக்கல" என்று ஊர் கேட்கக் கத்தினார் ஆதிமூலம். அதோடு சரி, பேச்சு வார்த்தை கிடையாது. பிடிவாதத்தில் அப்பனும் மகளும் ஒரே அச்சு. எல்லாவற்றையும் அறுத்தவர், ஐடியை மட்டும் அறுக்காமல் விட்டுவிட்டார்.

"அந்தத் தப்புலதாண்ணா நான் உசுரோட இருந்தேன்," என்றாள் நிர்மலா. "நான் வச்ச கனகாம்பரம் பூத்தது வந்துச்சு. செவலைப் பசு கன்னு போட்டது வந்துச்சு. எங்கம்மா களை வெட்டிக்கினு இருக்கறது, மோட்டார்ல தண்ணி பாயறதுன்னு தெனம் ஒண்ணு வரும். போட்டோ எடுக்க அவருக்கு யாரு கத்துக்குடுத்தாங்களோ! அவரு தனக்குன்னு எடுக்கறாரு, நான் திருட்டுத்தனமா பாத்துக்கினு கெடந்தேன்."

"அப்போ உன் போட்டோவை அவரும் பாத்திருப்பாரே?"

"எங்கப்பாவா? வர்ற போன எடுத்து அலோன்னு சொல்லுவாரு, போட்டோ எடுப்பாரு. வேற எதையும் தொட மாட்டாரு. அந்த தைரியத்துலதான் இருந்தேன். இந்தப் பாழாப்போன ஆப்பு காட்டிக் குடுத்துடுச்சு!"

போனை நீட்டினாள். வருஷக் கடைசியில் அந்த ஆப் தானாகவே கோத்துக் கொடுத்த வீடியோ பாட்டோடு ஓடியது. தலைப்பு, 'நீங்கள் சேர்ந்து கழித்த ஆண்டு'. கன்றுக்குட்டியோடு ஒரு கோணல் செல்ஃபியில் ஆதிமூலம் வந்தார். அடுத்து, தத்தித் தத்தி நடக்கும் பேத்தி. கடைசியில் இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, 'பிரியாத ஜோடி' என்று பூப்போட்டு எழுதியிருந்தது. தாத்தாவும் பேத்தியும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதே இல்லை. மெஷினுக்கு என்ன தெரியும், ஒரே வீடு என்று நினைத்துவிட்டது.

"இது அவரு போன்லயும் பாட்டு பாடிக்கினு வந்திருக்கும்ணா. மறுநாள்லேர்ந்து ஒரு போட்டோ இல்ல. கோவத்துல உங்ககிட்ட வந்து அறுக்கச் சொல்லிட்டாரு, அதானே?" குழந்தையை மேஜைமேல் உட்காரவைத்துவிட்டுக் கும்பிட்டாள். "கால்ல வேணா வுழறேன், திரும்ப சேத்து வுடுங்க. எங்கம்மா மொகத்தப் பாக்க எனக்கு வேற வழியே இல்ல."

சிவசங்கர் தலையைச் சொறிந்தான். "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினு போனாரும்மா."

"இன்னாவா இருந்தாலும் சொல்லுங்கண்ணா."

டிராயரைத் திறந்து, சேறு காய்ந்த போன் ஒன்றை எடுத்து வைத்தான். "இந்த வீடியோவப் பாத்துக்கினே வரப்புல நடந்து, போனும் கையுமா வாய்க்கால்ல வுழுந்திருக்காரு. டிஸ்ப்ளே வரணும், அதான் லேட்டு. 'அப்படியே ஐடியையும் தனியா மாத்திடறேங்க, தப்பு என்னுதுதான்'னு சொன்னேன். அடிக்க வந்துட்டாரு!"

"அடிக்கவா? எதுக்குண்ணா?" என்றாள் நிர்மலா.

"அவருக்குப் போட்டோ எடுக்கக் கத்துக்குடுத்ததே நாந்தாம்மா. உன் கல்யாணம் முடிஞ்ச வாரமே இங்க வந்து உக்காந்துட்டாரு. எல்லாம் கத்துக்கினு கெளம்பறப்ப ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாரு: 'நான் எடுக்கறது எல்லாம் தானா எம் பொண்ணுக்குப் போய்ச் சேந்துடும் இல்ல?'"