அறுந்த புருவம்

பதினோராயிரம் படங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டான்.

ஒன்றில்கூட அவள் நேராகப் பார்க்கவில்லை.

அவன் மனைவி அமிர்தவல்லி கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறாள். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க ஒரு படம் வேண்டும். மச்சினன் ஆதிநாதன் மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறான். இவ்வளவு பெரிய போட்டோகிராபர் வீட்டில் படத்துக்கா பஞ்சம் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பஞ்சம்தான்.

ஜன்னலோரம் அவள் முதுகு இருந்தது. டெல்லியில் பரிசு வாங்கிய முதுகு. ஈரத்தலையை உதறும் கூந்தல் இருந்தது. மீன் கழுவும் கை. சுவரில் நிழல். பாதி முகம், கால் முகம், புகைக்குப் பின்னால் முகம். அத்தனையும் கறுப்பு வெள்ளை.

கேமராவைப் பார்த்த கணமே முகம் பொய்யாகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக மேடைக்கு மேடை இதைத்தான் முழங்கினான். ஸ்டூடியோக்காரர்களைக் கிண்டலடித்தான். அவள் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றதும் உண்டு. நீ போய் உன் வேலையைப் பார், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிடுவான். அவளும் போய்விடுவாள்.

என்ன பெரிய மேதாவி!

கடைசியில் வோட்டர் கார்டு போதும் என்றான் ஆதிநாதன். இவன் பீரோவில் துழாவி எடுத்துக் கொடுத்தான்.

மதியத்துக்குள் பேனர் வந்துவிட்டது. தபால்தலை அளவுப் படத்தை ஆள் உயரத்துக்கு ஊதியிருந்தார்கள். முகத்தை வெளுக்க வைத்து, பின்னால் நீல வானத்தையும் ஒட்டியிருந்தார்கள். ஆயுசு முழுக்க அவன் காறித் துப்பிய வேலை.

தெருப் பெண்கள் அதன் முன்னால் நின்று, அப்படியே எழுந்து வந்து நிற்கிறாளே என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

அவனும் போய் நின்றான். பார்க்கப் பார்க்க எரிச்சல் மூண்டது. அவளுடைய இடது புருவம் நடுவில் அறுந்துபோயிருந்தது. கை வைக்கத் தெரியாதவன் கையில் கொடுத்தால் இப்படித்தான். புருவத்தைக் கெடுத்துவிட்டானே என்று மச்சினனிடம் சீறினான்.

ஆதிநாதன் பேனரைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான்.

"யாரும் கெடுக்கல அத்தான். சின்னப்புள்ளையில படியில விழுந்தது. அக்காவுக்கு எப்பவும் அப்படித்தான இருக்கும்."

கூடத்தில், பத்தடி தூரத்தில், அவள் முகம் இருந்தது.

உள்ளே போய்ப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.