மூலையில் கிடந்த டிரைவ்

திருத்தணி மலையடிவாரப் பம்பு அறையில் டிரான்ஸ்பார்மர் பிரேக்கர் விழுந்தாலே எல்லாரும் மோட்டாரிடம் ஓடுவார்கள். விழும் நொடியில் மின்னழுத்தம் எகிறி, மோட்டாரை ஓட்டும் டிரைவ் என்ற மின்னணுப் பெட்டியைக் கருக்கிவிடும். அப்புறம் மலைக்குத் தண்ணீர் ஏறாது.

போன ஆயுத பூஜையில் ஆபரேட்டர் கணேஷ்ராம் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போனவர், கருகிப்போய் மூலையில் கிடந்த பழைய டிரைவுக்கும் வைத்துவிட்டார்.

"செத்ததுக்கு எதுக்குண்ணா பொட்டு?" என்று இன்ஜினியர் ப்ளெஸ்ஸி சிரித்தாள்.

இன்று ஆடிக் கிருத்திகை. மலை முழுக்கக் காவடி. உச்சிவேளையில் பிரேக்கர் விழுந்தது. உடனே கருகல் வாடை. ப்ளெஸ்ஸி ஓடிப்போய், மோட்டாருக்கு மாட்டியிருந்த புது டிரைவைத் திறந்து பார்த்தாள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக்கரைத் தூக்கிவிட்டாள். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது.

மலைமேல் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் போனில் கத்தினார். "தண்ணி கொட்டிகினு கீதுங்க!" அவர் குரலையும் அமுக்கிக்கொண்டு அரோகரா கேட்டது.

"ஜெயிச்சிட்டோம்ணா!" ப்ளெஸ்ஸி துள்ளினாள்.

"ஆங், ஜெயிச்சிட்டோம். ஆனா வாடை எங்கேந்து மேடம் வருது?"

மூலையில் பழைய டிரைவ் புகைந்துகொண்டிருந்தது. அதில் ஒரு ஒயர்கூட மாட்டியிருக்கவில்லை.

கணேஷ்ராம் குங்குமம் எடுத்து வந்து அதற்குப் புதுப்பொட்டு வைத்தார். ப்ளெஸ்ஸி இந்த முறை சிரிக்கவில்லை. துப்பட்டா நுனியால் அதன் திரையில் படிந்திருந்த கரியைத் துடைத்தாள்.

உள்ளே பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது: ரெடி.