கறார்ப் பேர்வழி

துபாயின் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்புக்கு வந்து ஒரு வாரமே ஆகியிருந்த பாண்டித்துரைக்கு, ரூம்மேட் அருள்ராஜ் இஸ்திரி போட்டுக்கொண்டே புத்தி சொன்னார்.

"அவர் ரொம்பக் கறார், பாண்டி. நாம செய்யுற ஒவ்வொரு தப்பையும் எழுதி வச்சுக்குவார்."

"சின்னத் தப்பைக் கூடவாண்ணே?"

"எல்லாத்தையும்தான். கோபம் வந்தா நம்ம பொண்டாட்டி பிள்ளையைக்கூட விடமாட்டார். போன வருஷம் நான் கால் ஒடிஞ்சு கிடந்தது யார் வேலைன்னு நினைக்கிறே?"

வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட்டை மனசுக்குள் திட்டினான் பாண்டித்துரை. ஆள் இதையெல்லாம் சொல்லவே இல்லையே!

"தப்பிக்க வழி?"

"புகழ்ந்துகிட்டே இருக்கணும். கொஞ்சம் அசந்தே, தொலைஞ்சே."

"இப்படிப்பட்ட முதலாளிகிட்ட பதினோரு வருஷம் எப்படிண்ணே ஓட்டுனீங்க?"

அருள்ராஜ் பதறிப்போய் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அடப்பாவி, முதலாளியா? நான் ஆண்டவரைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன்! என்கூட சர்ச்சுக்குக் கிளம்பு. அவரோட அன்பு எப்பேர்ப்பட்டதுன்னு புரியும்."

பாண்டித்துரைக்கு அப்பாடா என்றிருந்தது.

"நான் வரலைண்ணே. நேத்து டியூட்டிக்கு லேட்டாப் போய் நின்னேன். நம்ம பெஷாவர் ஃபோர்மேன் கான் பாய் இருக்காரே, ஏன் லேட்டுன்னு கேக்கலை. சாப்பிட்டியான்னு கேட்டு, தன்னோட ரொட்டியில பாதியைப் பிச்சுக் குடுத்தார். உங்க ஆண்டவரை அவர்கிட்ட கொஞ்சம் பழகச் சொல்லுங்க!"