முதல் ஆளாக ஓடியவர்

கரடி வந்தால் ஓடவே கூடாது என்று எல்லோருக்கும் பாடம் நடத்திய ஸ்ரீவத்சன், கரடி வந்ததும் முதல் ஆளாக ஓடிவிட்டார்.

அதுவும் பெண்டாட்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு.

கோத்தகிரி போன வேன் ராஜா அண்ணாமலைபுரம் திரும்பிய அன்றைக்கே பால் பூத் வரை விஷயம் போய்விட்டது. ஜானகியால் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

ஸ்ரீவத்சனுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. எங்கே என்ன ஆபத்து வரும் என்று யோசித்து யோசித்து, அதுவே சுபாவமாகிவிட்ட மனிதர். மெரினாவுக்குப் போனாலும் அலைக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். ஃபிளாட்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கோத்தகிரி போகலாம் என்று முடிவானதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. அங்கே தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே கரடி வருமாம்.

கேபிள் டி.வி.யில் மிருகங்களைப் பற்றி எது வந்தாலும் உட்கார்ந்து பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் எல்லோரையும் மொட்டை மாடிக்கு வரவழைத்தார்.

கூட்டமாகத்தான் நடக்க வேண்டும். சத்தமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். மனுஷக் குரல் கேட்டால் அதுவே விலகிவிடும். மரத்தில் ஏறக்கூடாது, நம்மைவிட அது நன்றாக ஏறும். எதிரில் வந்துவிட்டால் அதன்மேல் ஒரு கண் வைத்தபடி மெல்லப் பின்னால் நகர வேண்டும். என்ன ஆனாலும் ஓடக்கூடாது.

சொன்னதோடு விடவில்லை. கறுப்புக் கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு அவரே கரடியாக உறுமிக்கொண்டு வந்தார். பெண்கள் எல்லோரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து, காயவைத்திருந்த வடாத்தை மிதித்ததுதான் மிச்சம்.

கீழ் ஃபிளாட் கணேசமூர்த்தி அண்ணாச்சிக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், இந்த ரூல்ஸ் எல்லாம் கரடிக்குத் தெரியுமா?"

மாடியே சிரித்தது.

கோத்தகிரியில் முதல் நாள் சாயந்தரமே அது நடந்தது. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் எல்லோரும் வரிசையாக நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேமரா ஸ்ரீவத்சன் கையில். ரெடி, ஒன், டூ என்றார். த்ரீ வரவில்லை. 'ஓ'வென்று ஒரு அலறல்தான் வந்தது. கேமராவைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார். என்ன ஏதென்று ஜானகி திரும்புவதற்குள், அவர் பின்னாலேயே கறுப்பாக ஒன்று உருண்டு போயிற்று.

தோட்டத்து ஆட்கள் தகர டின்னைத் தட்டிக் கத்தியதில் கரடி மேட்டுப் பக்கம் ஏறிப் போய்விட்டது. ஸ்ரீவத்சன் கீழே வாய்க்காலில் கிடைத்தார். கால் சுளுக்கிக்கொண்டு வீங்கியிருந்தது. வேஷ்டி பாதிச் சரிவில் ஒரு தேயிலைச் செடி மேல் கிடந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் அண்ணாச்சி கச்சேரிதான்.

"நான் பாட்டுக்குப் பின்னால பாறையில உக்காந்து பலாப்பழம் தின்னுக்கிட்டு இருக்கேன். சாரு ஓடுதாரு. அவரு பின்னால கரடி ஓடுது. ரெண்டு பேருல யாரு யாரப் பாத்துப் பயந்தாவன்னே தெரியல."

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஸ்ரீவத்சனும் சிரித்தார். அதுதான் ஜானகிக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் அவரோடு பேசவில்லை. "காபி ஆறிண்டிருக்கு" என்பதைக்கூட ஃப்ரிட்ஜைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இன்று காலை பால் பூத்தில் அண்ணாச்சியின் மனைவி தங்கபுஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆம்பிளைங்க அப்படித்தான், மனசுல வெச்சுக்காதீங்க மாமி என்று ஆறுதல் சொன்னாள். கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆறுதலைப் பொறுக்க முடியவில்லை. ஜானகி பால் பாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் பொத்தென்று வைத்தாள்.

ஸ்ரீவத்சன் நாற்காலியில் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கைக்கெட்டற தூரத்துல நின்னுண்டிருந்தேன். வாடின்னு என் கையைப் பிடிச்சு இழுக்கக்கூடத் தோணலையா உங்களுக்கு?"

அவர் இன்னும் கொஞ்சம் தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டார்.

"ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் ஓடாதேங்கோன்னு பாடம். நீங்க மட்டும் ஓடலாமா?"

அவர் தைல பாட்டிலை மூடினார். வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க எல்லாரும் என்னைப் பார்த்துண்டு நின்னேள். நான் ஒருத்தன்தான் அந்தப் பக்கம் பார்த்துண்டிருந்தேன். பலாப்பழ வாசனைக்குப் புதர்லேர்ந்து வந்துடுத்து. அண்ணாச்சி முதுகுக்கும் அதுக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவர்ட்ட சொல்லித் தொலைக்காதே, பி.பி. இருக்கற மனுஷன்."

ஜானகிக்கு உடனே விளங்கவில்லை.

"சரி, கரடி அண்ணாச்சிகிட்ட வந்தா, அதுக்கு நீங்க ஏன் ஓடணும்?"

"யாராவது ஓடினாத்தானே அது அவரை விட்டுட்டுத் துரத்திண்டு வரும்?"