பிப்ரவரியில் செல்லாத அதிர்ஷ்டம்

“இந்த வீட்டு பனிட்சாவுக்குள்ள யூரோ போச்சுன்னா, நான் வீட்டை விட்டு வெளியே போயிடுவேன்!”

வெல்கோ சமையலறை வாசலை மறித்து நின்றார். அவர் மனைவி ராத்கா மாவுத் தாள்களுக்கு நடுவே பாலாடைக்கட்டியைத் தூவிக்கொண்டிருந்தாள். வருடத்தின் கடைசி நாள். பனிட்சா என்னும் அந்தப் பலகாரத்தில் ஒளித்து வைக்கும் காசு யார் துண்டில் வருகிறதோ, புது வருட அதிர்ஷ்டம் அவருக்கு. விடிந்தால் பல்கேரியாவில் பழைய லெவ் நாணயம் போய் யூரோ.

“லெவ் ஜனவரியோட செல்லாது அத்தான்,” என்றான் ராத்காவின் தம்பி பிளாமென். “எனக்கு இதய ஆபரேஷன் பிப்ரவரியில. செல்லாத காசோட அதிர்ஷ்டத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ராத்காவின் கை ஒரு கணம் நின்றது.

“நம்ம அதிர்ஷ்டத்துக்கு ஃபிராங்க்ஃபர்ட்ல உக்காந்திருக்கிற ஐரோப்பிய வங்கிக்காரன் தேதி குறிப்பானா? இறையாண்மைடா மாப்ளே!”

“ரெண்டு காசுலயும் இருக்கிறது அதே ரிலா மடத்துச் சாமியார் படம்தானே?”

“திருப்பிப் பாரு, ஐரோப்பா மேப்! முதுகுல அடுத்தவன் விலாசத்தை ஒட்டிக்கிட்டு நிக்கிறவர் எப்படிடா நம்ம சாமியார்?”

“உடம்பு சரியில்லாதவன்கிட்ட கத்தாதீங்க,” என்றாள் ராத்கா.

“அவன் இதயத்துக்காக நாட்டை விக்க முடியாது!”

ராத்கா அவரை முறைத்தாள். வெல்கோ அசரவில்லை. ஒரு லெவ் காசை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். “இந்த வீட்டு மத்திய வங்கி நான்தான். எல்லாரும் வெளியே!” கதவைச் சாத்திக்கொண்டு, தானே காசைத் தாளில் சுற்றிச் செருகினார்.

இரவுச் சாப்பாட்டில், வழக்கப்படி குடும்பத் தலைவராகத் தட்டைச் சுழற்றியவரும் அவரே. அவர் கட்டைவிரல் பட்டுத் தட்டு நின்றது. வீட்டுக்கென்று ஒரு துண்டு ஒதுக்கியபின், அவரவர் எதிரே வந்து நின்ற துண்டு அவரவருக்கு.

பிளாமெனின் பல்லில் ‘கடக்’கென்றது. தாளைப் பிரித்தான். யூரோ!

“துரோகம்!” வெல்கோ மேஜையைக் குத்தினார். “என் எல்லைக்குள்ள இதைக் கடத்திட்டு வந்தது யாரு? விசாரணைக் கமிஷன் வைப்பேன்!”

பிளாமென் அதைக் காதில் வாங்கவில்லை. காசைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். “அக்கா, இது பிப்ரவரியிலயும் செல்லும்!” மாதக்கணக்கில் வராத சிரிப்பு அது.

சொன்ன சொல் தவறாதவராக வெல்கோ பனியில் வெளியே கிளம்பினார். ராத்கா கோட்டை மாட்டிவிடும் சாக்கில் அவர் காதருகே வந்தாள்.

“போறதுக்கு முன்னாடி, சட்டைப் பையிலேருந்து எட்டிப் பார்க்கிற அந்த லெவ்வை உள்ளே தள்ளுங்க.”